நிதானமாகப் பாடியவர்

டிரம்ஸ் அடிப்பவர்களில் எனக்கு பிரஷ்காரர்களைத்தான் பிடிக்கும். குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, கம்பி விரிந்த பிரஷ்ஷால் தோலைச் சும்மா தடவுவார்கள். காற்றுக் காலத்தில், தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து மண் கிளம்பி வந்து எங்கள் லைன் வீட்டுத் தகரத்தில் உரசுமே, அந்தச் சத்தம். குச்சிக்காரர்கள் மற்றவர்களை நிறுத்திவிட்டுத் தனியாக அடித்துக் காட்டுவது எனக்கு ஆகாது. அது வாசிப்பு இல்லை, பலம் காட்டுவது. பியானோவில் விரல் ஓயாமல் ஓடுகிறவர்களைவிட, ஒரு கட்டையைத் தட்டிவிட்டு அடுத்தது எது என்று யோசிக்கிறவர்கள் மேல். டிரம்பெட்டைவிட சாக்ஸபோன் மேல். சாக்ஸபோனில் ஊதுகிறவரின் மூச்சு கேட்கும். மூச்சு வாங்குகிற மனிதர்கள் நிறைந்த ஊர் இது, எங்களுக்கு அது புரியும்.

இப்படித்தான் நான் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பங்காருபேட்டையில் நான் வேலை செய்கிற குஷன் கடையில், பைக் சீட்டுத் தைத்துக்கொண்டே பேசுவேன். போகிற வருகிற ரயிலில் பேசுவேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று படித்தவர்களுக்கு விளங்காது. மற்ற எல்லாவற்றிலும் நான் பயந்தவன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வரை வந்துவிட்டுத் திரும்ப வீட்டுக்கு ஓடியவன். பேங்கில் கையெழுத்து மாறிப்போகுமோ என்று வேர்க்கிறவன். ஜாஸ் ஒன்றில்தான் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அதனால்தான் இப்போது இவ்வளவு கூசுகிறது.

ரெக்கார்டுகள் வந்த கதை சின்னது. பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா, பழைய சோபாவை எடுத்துப் போக என்னைக் கூப்பிட்டார். "இதையும் கொண்டு போப்பா, எனக்கு அங்க இடம் கிடையாது" என்று ஒரு பெட்டி ரெக்கார்டையும் பிளேயரையும் சோபாவின் மேலேயே வைத்துவிட்டார். பிளேயரின் ஓரத்தில் ஏதோ ஒரு குமிழ் உடைந்து போயிருந்தது. பாடுகிறது அல்லவா, போதும் என்று விட்டுவிட்டேன். பெட்டியில் எல்லாம் பெரிய ரெக்கார்டுகள். ஒன்றே ஒன்று மட்டும் சின்னது, சாப்பாட்டுத் தட்டுக்கும் சாசருக்கும் நடுவில் ஓர் அளவு. அதன் நடு ஓட்டை பெரியதாக இருந்ததால் பிளேயரின் முளையில் நிற்கவில்லை. சீட்டு ரெக்ஸினில் ஒரு வட்டம் வெட்டி ஓட்டையை அடைத்தேன். மேலே ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்து, பாடியவர் பெயரும் அதோடு போயிருந்தது. மிச்சத்தில் 45 என்று ஓர் எண் இருந்தது. கம்பெனிக்காரன் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சின்ன ரெக்கார்டில் பாடியவர்தான் எனக்கு எல்லோருக்கும் மேல். கனமான குரல். ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனசில்லாமல் வைப்பார். ஷிஃப்ட் முழுக்கச் சுரங்கத்துக்குள் கிடந்துவிட்டு கூண்டு லிஃப்டில் ஏறி மேலே வருகிற ஆள், வெளிச்சத்தைப் பார்த்ததும் முதலில் பேச வாயெடுத்தால் எப்படி வரும், அப்படி ஒரு குரல். பின்னால் ஊதுகிறது டிரம்பெட் இல்லை, அதைவிடப் பெரிய ஏதோ ஒரு குழல் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். துக்கத்தை இவ்வளவு நிதானமாகப் பாட உலகத்தில் இன்னொருவர் கிடையாது என்று சொல்வேன். உலகம் என்று நான் சொன்னது அந்த ஒரு பெட்டியைத்தான்.

"போனுக்குக் கேக்கற மாதிரி போடுப்பா, யாரு பாடறதுன்னு அதுவே சொல்லிடும்" என்று என் மகள் எத்தனையோ முறை சொன்னாள்.

"போனுக்கு இன்னா தெரியும் ஜாஸைப் பத்தி" என்று விரட்டினேன்.

நாங்கள் இருக்கிற ஸ்கெலட்டன் லைனில் எதிர் வீட்டு அண்ணன் ஒருவர்தான் என் பேச்சை முழுசாகக் கேட்டவர். சுரங்கத்தில் கீழே மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு தூசி மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தின் அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்கு வந்து, நான் பாதி தைத்துப் போட்டிருக்கும் சீட்டின் மேல் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னாபா, நம்ம ஆள எழுப்பு."

"இரு அண்ணா, பெரிய ரெக்கார்டு ஒண்ணு போடறேன். சாக்ஸபோன் கேளு."

"அவன் ஊதிக்கினே கெடப்பான். அவன் ஊதறதுக்கு எனக்கு மூச்சு வாங்குது. நம்ம ஆளப் போடு."

போடுவேன். பாட்டு இங்கிலீஷ். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வேகத்தில் கூடச் சரியாகப் பிடிபடாது.

"இன்னா சொல்றான்?"

"தெரியல அண்ணா. யாரோ வுட்டுட்டுப் போய்ட்டாங்க போல."

"அது கொரலுலயே தெரியுதே" என்பார். பாட்டில் ஓர் இடத்தில் குரல் மேலே போய் நின்று இறங்கும். அங்கே அவர் தலை ஒரு பக்கமாகச் சாயும்.

ஒருநாள் அப்படிச் சாய்ந்த தலையோடு சொன்னார்: "நான் போனா பேண்டு கீண்டு வேணாம். இந்த ஆளு பாடினா போதும்."

சுரங்கத்தில் வேலை பார்த்தவர் சாவுக்கு பேண்டு இல்லாமல் எங்கள் பக்கம் எடுப்பதில்லை. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டு ஊதியபடி லைன் முழுக்க முன்னால் நடப்பார்கள். அந்த பேண்டுகாரர்களை நான் அவரிடம் எவ்வளவோ இளக்காரமாகப் பேசியிருக்கிறேன். அவர் வாயில் வந்தது என் பேச்சுதான். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். அவருடைய மச்சான், அண்ணியின் தம்பி, பேண்டுக்குச் சொல்லப் போனை எடுத்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"பேண்டு வேணாம்னு அண்ணா சொல்லியிருக்காரு. பாட்டு இருக்குது என்கிட்ட."

"ஊரு இன்னா சொல்லும்? அனாதைப் பொணமா அவரு?"

"அவரு ஆசைங்க அது."

அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நிமிராமலே, "அவரு என்கிட்டயும் சொன்னாரு. தம்பி சொல்றபடி செய்ங்க" என்றார். மச்சான் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

என் பிளேயரின் சத்தம் அவ்வளவு கூட்டத்துக்குப் போதாது. அண்ணனின் மருமகன் பெங்களூருவிலிருந்து வரும்போது தன்னுடைய புது பிளேயரையும் ஆள் உயர ஸ்பீக்கரையும் காரில் கொண்டு வந்தார். புத்த பிக்கு பஞ்சசீலம் சொல்லி முடித்தார். வெள்ளைத் துணி போர்த்தி, தூக்குகிறவர்கள் நின்றார்கள். சந்து நிறைய ஆட்கள். மருமகன் ரெக்கார்டை வாங்கி, காகிதத்தைப் பார்த்து, ஏதோ ஒரு ஸ்விட்சைத் தள்ளினார். சத்தம் வைக்கிறார் என்று நினைத்தேன்.

முதலில் டிரம்ஸ் துள்ளிக்கொண்டு வந்தது. அப்புறம் டிரம்பெட், சந்தேகமே இல்லாமல் டிரம்பெட், சிரித்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண் பாடினாள். சின்ன வயசுப் பெண். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்புகிறவள் போல ஒரு குரல். ஆடுவதற்கென்றே போட்ட பாட்டு. பந்தல் ஓரத்தில் நின்ற பிள்ளைகளின் கால்கள் தானாக ஆடின. பின்னால் யாரோ சிரித்துவிட்டு, இருமலாக மாற்றினார்கள்.

"இதுக்குத்தான் பேண்டு வேணாம்னியா?" என்றார் மச்சான்.

"ரெக்கார்டு மாறிடுச்சு" என்றேன். மாறவில்லை. நான் வெட்டிய ரெக்ஸின் வட்டம் அதன் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ரெக்கார்டின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். பெண்ணின் குரல் திணறி, தடித்து, கீழே இறங்கியது. ஒரு நொடி அவர் வந்தார், எங்கள் ஆள். அவரேதான். பயந்து விரலை எடுத்தேன். அவள் திரும்பவும் துள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

மருமகன் என் காதருகே குனிந்தார். "மாமா, இது நாப்பத்தஞ்சு ஸ்பீடு. உங்க பெட்டில முப்பத்துமூணுல, மெதுவா மட்டும்தான் ஓடுதா?" மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அதற்குள் ஊசியைத் தூக்கியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

பேண்டும் இல்லை, பாட்டும் இல்லை. சேற்றில் கால் வைக்கிற சத்தத்தோடு அண்ணனை எடுத்துப் போனோம். நான் கடைசியில் நடந்தேன்.

அதன் பிறகு எதிர் வீட்டைப் பார்க்காமல் இருக்கப் பின்சந்து வழியாகவே ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலில் தெரிந்த முகம் இருக்கிற பெட்டியில் ஏறவில்லை. பெரிய ரெக்கார்டுகள் எல்லாம் சரியான வேகத்தில்தான் ஓடுகின்றன என்று மருமகனே சொல்லியிருந்தார். இருந்தும் ஒவ்வொன்றாகப் போட்டு, இந்த பிரஷ் பிரஷ்தானா, யோசித்து வாசிக்கிற பியானோக்காரர் உண்மையிலேயே யோசிக்கிறாரா என்று காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். எதைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் வரவில்லை. மகள் கடைசியில் அந்தப் பாட்டைப் போனில் கண்டுபிடித்து, பாடியவளின் படத்தை என் முன்னால் நீட்டினாள். தலையில் ஒரு வெள்ளைப் பூ, வாய் நிறையச் சிரிப்பு. சந்தோஷமாகப் பாடிவிட்டுப் போனவளை இத்தனை வருஷம் என் வீட்டில் அழவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

படத்திறப்பு அன்று காலையில் அண்ணி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பெட்டிய எடுத்துனு வா தம்பி."

"அண்ணி, அது பொம்பள பாடின பாட்டு. டான்ஸ் பாட்டு."

"எனக்குக் காது இல்லையா? நானும்தான் கேட்டேன். உன் பெட்டிய எடுத்துனு வான்றேன்."

"என் பெட்டில ஓடறது தப்பான ஸ்பீடு அண்ணி."

"அவரு கேட்டது எது?"

நான் திரும்பி உள்ளே இருந்த பிளேயரைப் பார்த்தேன். "சும்மா நிக்காத, ஆளுங்க வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் பிளேயரை வைத்தேன். மச்சான் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சுட்டது. ஊசியை வைத்தேன். சத்தம் போதாததால் பின்னால் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் பாடினார், எப்போதும் போல, அவசரமே இல்லாமல். அந்த இடம் வந்தபோது, குரல் மேலே போய் நின்று இறங்குகிற இடம், அண்ணி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அண்ணி ஒருநாளும் என் வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. சந்தின் அந்தப் பக்கமிருந்து இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்க வேண்டும்.

சாவுக்கு வர முடியாத உறவுக்காரர் ஒருவர் என் பக்கம் குனிந்து, "யாருங்க பாடறது? நல்லா இருக்குதே" என்றார். முன்பு என்றால் அவரை விட்டிருக்க மாட்டேன்.

"தெரியலைங்க" என்றேன்.

பாட்டு முடிந்து ஊசி வெறும் வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே, "இன்னொரு வாட்டி போடு" என்றார். தலையைத் தூக்காமல் ஊசியைத் திரும்ப எடுத்து ஓரத்தில் வைத்தேன்.