வாசலுக்கு வெளியே கன்னடம்

என் மகள் படித்த தனியார் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும் என்பது அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்த நாளிலேயே எங்களுக்குத் தெரியும். இருந்தும் பிப்ரவரி வரை நானும் என் கணவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் சண்டை வரும் என்பதும் இருவருக்கும் தெரிந்ததுதான்.

அவருக்கு ரிங் ரோட்டுக்கு அப்பால் இருக்கும் பெரிய பள்ளி மேல் ஆசை. நீச்சல் குளம், மஞ்சள் பஸ், வாசலில் சல்யூட் அடிக்கும் செக்யூரிட்டி. எனக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்றே வகுப்பு. இப்போது ஆங்கில வழியிலும் சொல்லித் தருகிறார்கள். ஓட்டுக் கட்டடம், நடுவில் ஒரு நாவல் மரம். "பக்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லாதே, காரணம் சொல்லு" என்றார் அவர். இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பார்க்கிறவளிடம் காரணம் கேட்கலாமா? மறுநாளே கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, கேள்விகளை வரிசையாக எழுதினேன்.

பள்ளிக்குள் போவதற்கு முன் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அப்பா ரயில்வே வேலைக்காகத் திருச்சிப் பக்கத்திலிருந்து மைசூர் வந்தவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தண்ணீர்த் தகராறு வந்த ஒரு வருடம், எங்கள் பேர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். அன்று போட்டதுதான் சட்டம்: கேட் தாண்டினால் கன்னடம். கேட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தமிழ் பேசலாம். வெளியே அம்மாவிடம் பேசுவதென்றாலும் கன்னடத்தில்தான். யாரும் எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லப்போனால் அந்த வருடமும் பக்கத்து வீட்டுக் கன்னட மாமி சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போனார். பயம் அந்த வருடத்தோடு போய்விட்டது, சட்டம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. கல்யாணமாகி நான் வேறு கேட்டுக்கு வந்தபோது அதையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை, பள்ளி விடும் நேரம். தலைமையாசிரியை ஐம்பதைத் தாண்டியவர். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று நாற்காலியைக் காட்டினார். நான் கன்னடத்தில் கேட்டேன், அவர் கன்னடத்தில் பதில் சொன்னார். கணக்குக்கு டீச்சர் உண்டா? உண்டு, கெட்டிக்காரர். அறிவியலுக்கு? வேறு பள்ளியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வருகிறார். நூலகம்? எழுந்து போய் ஒரு இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். சாவியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். பெண்கள் கழிப்பறைக்கும் கூட்டிப்போனார். சுத்தமாகத்தான் இருந்தது, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. கூட வருகிற பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ளும் என்றார், கொஞ்சமும் மழுப்பாமல். 'உள்ளதை உள்ளபடி சொல்கிறார்' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அவருடைய போன் அடித்தது. "ரசத்தை இறக்கி வெச்சுட்டு கேஸை ஆஃப் பண்ணு. அப்பளத்தை இப்பவே பொரிச்சுடாதே, நான் வர்றதுக்குள்ள நமுத்துப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க தமிழா?" என்றேன்.

"அட, நீங்களுமா?"

இரண்டு தமிழ்ப் பொம்பளைகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கன்னடத்தில் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வெட்கத்தில் இருவரும் சிரித்தோம். "ஸ்கூல்ல பேசறதில்லேம்மா. அப்படியே பழகிப்போச்சு" என்றார். அடுத்த வாக்கியம் டி.சி. வாங்குவதைப் பற்றி. அதைக் கன்னடத்தில் சொன்னார். நானும் மரியாதையாகக் கன்னடத்துக்கே திரும்பிவிட்டேன்.

இரண்டாவது தடவை மதியச் சாப்பாட்டு வேளையில் போனேன். சோறு எப்படி என்று பார்ப்பது நோட்டில் ஏழாவது கேள்வி. பிள்ளைகள் தட்டோடு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். சாம்பாரில் காய் இருந்தது. அதை எழுதப் போன நேரத்தில் மரத்தடியிலிருந்து ஒரு குரல்: "ஏம்புள்ள, சித்த நவுந்து உக்காரு. எனக்கும் எடம் வேணுமில்ல?"

நெற்றியில் விபூதி வைத்த ஒரு பெண், பதின்மூன்று வயது இருக்கலாம். அவளைச் சுற்றி நாலைந்து பேர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலை, ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்று சமையல் செய்யும் அம்மா சொன்னார். கன்னடப் பிள்ளைகளோடு கன்னடம், தங்களுக்குள் தமிழ், இடையில் ஒரு திட்டு மட்டும் ஆங்கிலத்தில். அக்கம்பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்தாமல், வெட்டவெளியில் தமிழில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் இந்த ஊரில் பிறந்து நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு தெருவிலாவது நான் இப்படிக் கத்தியதில்லை. அம்மா வாங்கிய வாரப் பத்திரிகைகளைக் கூடத்தில் படுத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் நான் தமிழ் கற்றது. அந்தத் தமிழுக்கு வெயிலே தெரியாது. என் மகளுடையது இன்னும் மெலிந்தது. சாப்பாடு, தூக்கம், கோபம் இவற்றுக்கு மட்டும் தமிழ், மற்றதெல்லாம் கன்னடம். அவள் இந்த மரத்தடியில் உட்கார வேண்டும் என்று எனக்கு வந்த ஆசையை என்னவென்று சொல்வது? எனக்குக் கிடைக்காத ஒன்றுக்காக ஏங்கினேன், அவ்வளவுதான். நோட்டில் இதற்கு ஒரு வரியும் எழுதவில்லை. சாம்பாரில் காய் உண்டு என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாவது தடவை, பரீட்சை முடிந்த மறுநாள், மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர்க் குழாயருகே கல் பாசி பிடித்திருந்தது. அவள் கால் வழுக்கியது. "ஐயோ, பாத்துடீ!" என்று என் வாயில் வந்துவிட்டது. பயத்துக்குச் சட்டமெல்லாம் தெரிவதில்லை.

குழாயில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அந்த விபூதிப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க தமிழா? நாங்களுந்தான்!" என்றாள் என் மகளிடம்.

என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளிடம், "இல்லா, நாவு கன்னடதவ்ரு" என்றாள். இல்லை, நாங்கள் கன்னடக்காரர்கள்.

நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். பாசியில்லாத பக்கமாக மகளை இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண் "ஓ" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டைக் கழுவத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்து கேட்டைச் சாத்தியதும் பொரிந்து தள்ளினேன். "எதுக்குடீ அப்படிச் சொன்னே?"

"நீதானேம்மா சொல்லிக் குடுத்தே" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

முடிவு என் நோட்டால் வரவில்லை. அதை யாரும் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது கணவர் மஞ்சள் பஸ்ஸின் அருமை பெருமைகளை விரித்துக்கொண்டிருந்தார். "பஸ்ல எனக்கு வாந்தி வரும்ப்பா. நான் நடந்தே போற ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள் மகள். அத்தோடு நீச்சல் குளம் வற்றிவிட்டது.

சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் என்னுடைய ஹைஸ்கூல் படிவத்தில் அப்பா அதில் கன்னடம் என்று எழுதியிருந்தார். நான் தமிழ் என்று எழுதினேன். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்துவிட்டு முத்திரை வைத்தார்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, நாலு மணிக்கு நல்ல மழை. ஆபீசில் பெர்மிஷன் போட்டுவிட்டுக் குடையோடு பள்ளி வாசலில் போய் நின்றேன். உள்ளே மரத்தடியிலிருந்து ஒரு பெண் தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். "ஏம்புள்ள, என்ற பேனாவக் குடுத்துட்டுப் போ! நாளைக்கு மறந்துபோட்டேன்னு சொல்லுவே!" விபூதிப் பெண்தான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் கத்தியது என் மகள். விபூதிப் பெண் பேனாவை உயரத் தூக்கிக்கொண்டு ஓடினாள், என் மகள் பையோடு துரத்தினாள். மழையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கூப்பிட மனசு வரவில்லை.

அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓட்டம் நின்றது. முகம் மாறி, கன்னடத்தில், "அம்மா, பந்த்யா?" என்றாள்.

என்னிடம் மட்டும் அவளுக்கு வெளியே தமிழ் இல்லை. அந்தச் சட்டத்தை அவளுக்குப் போட்டவள் நான்தானே. வந்தேன்டி, குடைக்குள் வா என்று சொல்லத்தான் நினைத்தேன். "ஹூம், பா" என்று கன்னடம்தான் வந்தது. இரண்டு தெருவும் ஒரே குடையில் கன்னடம் பேசிக்கொண்டே நடந்தோம். வீட்டு வாசலில் அவள் வழக்கம்போலக் காத்து நின்றாள், நான் கேட்டைத் திறப்பதற்காக.

நான் திறக்கவில்லை. தாழ்ப்பாளில் கையை வைத்தபடி தெருவில் நின்றேன். கொஞ்சம் உரக்கவே, தமிழில் கேட்டேன்: "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சாப்பாடு?"

அவள் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தாள், இந்தக் கோடியைப் பார்த்தாள். நான் பார்ப்பது போலவேதான் பார்த்தாள். பிறகு குடைக்கு வெளியே நகர்ந்து, எங்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழில் சொன்னாள்.

"முட்டைம்மா. திங்கக்கெழமை மாதேஸ்வரன் சாமிக்கு ஆகாதுன்னு அந்தப் புள்ள திங்கல. அவளுதையும் நானே தின்னுபோட்டேன்."