வசந்தமலர் அடுக்கிய இடது ஓரத்துப் பட்டியல்

வசந்தமலர் ஒரு வருடம் நோயோடு இருந்து, சென்ற மாதம் காலமானார். அவருடைய அக்கா கடைக்குப் போன் எடுத்துச் சொன்னார். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. எங்கள் கடை இணையப் பக்கத்தின் கடவுச்சொல் இனி யார் கையில் என்றுதான் யோசித்தேன். இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு அவரையும் தெரியும், என்னையும் தெரியும். பூசி மெழுக வேண்டியதில்லை.

கிளிநொச்சியில் நான் நீர்ப்பம்பி விற்கிறேன், பழுதும் பார்க்கிறேன். வாங்கியவர்கள் தோட்டத்தில் நின்றபடி போன் எடுத்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அந்தத் தொல்லை குறைய இணையத்தில் ஒரு விளக்கப் பக்கம் செய்விக்க நினைத்தேன். ஸ்கந்தபுரத்தில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இதே வேலையைச் செய்துவந்த வசந்தமலரை அழைத்தேன். வந்தவர் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், கடை மூலையில் கதிரை போட்டிருந்து, வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதினார். யாரோ போட்டிக் கடைக்காரர் அனுப்பிய ஆளோ என்று, அவர் தேநீர் குடிக்கப் போன நேரம் கொப்பியைப் புரட்டினேன். திரும்பி வந்தவர் கண்டுவிட்டார்.

"ஒளிச்சுப் பாக்காதேங்கோ அண்ணை. எழுத்து விளங்காட்டிக் கேளுங்கோ, வாசிச்சுக் காட்டுறன்."

எங்கள் பக்கம் பம்பியின் பாகங்களுக்குப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. தேய்ந்த சாமானைச் சொப்பிங் பையில் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நான் கொடுத்த பாகங்களின் பெயர்ப் பட்டியலை வசந்தமலர் தொடவே இல்லை. பக்கத்தின் இடது ஓரத்தில், சனம் சொன்னபடியே தலைப்புகளை அடுக்கினார்: 'தண்ணி ஏறேல்லை', 'கயிறு இழுக்க ஏலாமல் இறுகிக் கிடக்கு', 'கறுப்புப் புகை வருது'. ஒன்றைத் தொட்டால் அதற்குரிய விளக்கம் வரும். போனில் இந்தப் பட்டியல் மூலையில் உள்ள மூன்று கோட்டு அடையாளத்துக்குள் மடங்கிவிடுமாம். சேற்றுக் கையோடு நிற்கிறவர் கோட்டைத் தேடமாட்டார் என்று, முழுவதையும் மேலேயே விரித்துவிட்டார். என் கடைப் பெயரும் நம்பரும் அடிக்குப் போயின.

பெரிய பிரச்சினை முதல் தலைப்பில்தான் வந்தது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடி வால்வில் சருகு சிக்கினால் தண்ணீர் ஏறாது. கையாலேயே எடுத்துவிடலாம். அது தெரியாதவர்கள் பம்பியையே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். என் பழுதுபார்க்கும் வருமானத்தில் பெரும்பங்கு அந்தச் சருகுதான். அதை எழுத வேண்டாம் என்றேன்.

"ஒரு சருகைக் காட்டவோ அண்ணை சனம் அரைநாள் வேலையை விட்டிட்டு உங்களிட்டை வரவேணும்? அந்த வரியை எடுக்கிறதெண்டால் வேற ஆளைப் பாருங்கோ."

வேறு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. வரி அப்படியே இருந்தது.

சில மாதம் கழித்து, புதுக்குடியிருப்பில் ஒரு கடைச் சுவரில் எங்கள் பக்கத்தை அச்சடித்து ஒட்டியிருக்கக் கண்டேன். வசந்தமலர் அதை அந்தக் கடைக்கு விற்றுவிட்டார் என்றே முடிவுகட்டி, நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"நான்தான் குடுத்தனான், சும்மா. அடியிலை உங்கடை நம்பர் கிடக்கு. அதை நீங்களும் பாக்கேல்லை, ஒட்டின ஆளும் பாக்கேல்லை."

அதன்பின் என் பழுதுபார்க்கும் மேசை பாதி நாள் வெறுமையாகக் கிடந்தது உண்மை. புதுக்குடியிருப்பிலிருந்து பம்பி வாங்க ஆட்கள் வரத் தொடங்கியதும் உண்மை. அவர் இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா, தற்செயலாக வாய்த்ததா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன் அக்கா ஒரு கடித உறையோடு கடைக்கு வந்தார். கடவுச்சொல்லுக்கு விலை பேசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். உள்ளே கடவுச்சொல்லும், வசந்தமலர் கைப்பட எழுதிய ஒரு தாளும் இருந்தன. இதன் பிரதி வேறு கடைக்கும் போனதா என்று கேட்டேன். "நீங்கள் இதைத்தான் கேப்பீங்களெண்டு அவ சொன்னவ" என்றார் அக்கா. போனதா இல்லையா என்று சொல்லவில்லை.

வந்தவர் சொல்லி முடிக்கும்வரை அவர் பையிலுள்ள சாமானில் கை வைக்காமல் கேட்டிருப்பது, வசந்தமலரிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதை நான் விடப்போவதில்லை. பக்கமும் இனி என் பொறுப்பு. தாளில் இருந்த நிபந்தனைகளுக்கு அக்கா முன்னிலையில் கையெழுத்து வைத்தேன்: இடது ஓரத்தில் உள்ள எந்த வரியையும் அழிப்பதில்லை, புதிதாக வரும் முறைப்பாட்டை, சொன்னவரின் வார்த்தையிலேயே, அதே கிழமை சேர்ப்பது, யார் அச்சடித்து ஒட்டினாலும் தடுப்பதில்லை. காசு எதுவும் கேட்கப்படவில்லை.