தகரக் கொட்டகைக்கு இழுத்த கரண்டு

வீட்டை ஒட்டி ஆட்டோ நிறுத்துவதற்காக என் கணவர் போட்ட தகரக் கொட்டகையை நாங்கள் கராஜ் என்றுதான் சொல்வோம். நான்கு மரத்தூண்கள், மூன்று பக்கமும் தகரம், மேலேயும் தகரம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்தபோது, வட்டகொடைப் பக்கம் எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் வீடு போக மிஞ்சிய இடம் அது. அவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதற்குள் வெளிச்சம் இல்லை என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் மலைப் பாதையில் ஆட்டோ சறுக்கிக் கவிழ்ந்து அவருடைய வலது கால் உடைந்தது. உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். கக்கத்தில் மரக்கட்டை ஊன்றித்தான் நடக்க வேண்டும். எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். காலையில் நான் கிளம்பும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். திரும்பி வரும்போதும் அதே சுவர்தான். மூடி வைத்த சோறு மூடியபடியே இருக்கும். கேட்டால், "பசிக்கல" என்பார். ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசிய மனிதர் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய்த் தேடினேன். கராஜுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பலகைத் துண்டு ஒன்றில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

"இங்க ஒரு பல்பும் ப்ளக்கும் போட்டுட்டா, உக்காந்துகிட்டே ஆட்டோ ரிப்பேர் பார்க்கலாம் புள்ள. ஸ்டாண்டுல எத்தன வண்டி கெடக்கு. ஹோர்ன், லைட்டு, வயரு எல்லாம் எனக்குத் தெரியாததா?"

ஆட்டோ வயரிங் அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் அது பேட்டரிக் கரண்டு, இது வீட்டுக் கரண்டு. வீட்டு வயரிங்கை லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும் என்று, முதன்முதலில் மீட்டர் பூட்டியவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதை அவரிடம் சொன்னேன்.

"ஒரு பல்புக்கு லைசன்ஸா?" என்று கேட்டுச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் தடுக்கவில்லை.

சமையல் நடக்கும் குசினியின் ப்ளக்கிலிருந்து வயர் எடுத்து, தகரத்தில் ஓட்டை போட்டு அதன் வழியே உள்ளே இழுத்தார். வயர் ஓடுவதற்கான பலகைகளை உள்பக்கத் தூண்களில் நூல் பிடித்தது போல நேராக அடித்திருந்தார். பல்பு எரிந்தபோது பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று சோற்றுக்கோப்பை காலியானது.

அந்த வாரமே மழை பிடித்தது. மழை வலுத்ததும் மெயின் போர்டில் இருந்த ட்ரிப் சுவிட்ச் தானாக விழுந்து வீடு இருட்டானது. தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி விழும். தன் வேலையைத்தான் குறை சொல்வார்கள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கராஜ் லைனைக் கழற்றி, ட்ரிப் சுவிட்ச் வழியாகப் போகாதபடி அதற்கு முன்னாலேயே சேர்த்துவிட்டார். "இனி வீடு இருட்டாகாது" என்றார். அவர் சொன்னபடியே பிறகு அது விழவில்லை. நானும் பழுது சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழை விட்ட நேரத்தில் துணி காயப்போட வெறுங்காலோடு வெளியே வந்தேன். சேற்றில் கால் வழுக்கியது. விழாமலிருக்கக் கராஜ் தகரத்தின் விளிம்பைப் பிடித்தேன். பிடித்த கையை விட முடியவில்லை. தகரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்தது தெரிந்தது. கட்டையை ஊன்றவில்லை. அதைக் கையில் தூக்கிக்கொண்டு, உடைந்த காலையும் ஊன்றி ஓடி வந்தார். வந்த வேகத்தில் என் கையில் ஓங்கி அடித்தார். ஒரு அடியில் விடவில்லை. இரண்டாவது அடியில் நான் சேற்றில் போய் விழுந்தேன். அவரும் நிலை தடுமாறி என் பக்கத்தில் விழுந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா கண்டது அந்த அடியை மட்டும்தான்.

"அடப்பாவி மனுசா! சம்பாரிச்சுப் போடுற பொண்டாட்டிய கட்டையாலயா அடிக்கிற?" என்று கத்திக்கொண்டு, தகரத்தைச் சுற்றி ஓடி வந்தார்.

"அக்கா, தகரத்துல கைய வச்சிராதீங்க! கரண்டு! உள்ள போயி மெயின நிப்பாட்டுங்க!" என்று சேற்றில் கிடந்தபடியே அவர் கத்தினார்.

அக்கா அப்படியே நின்றார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்டோவில் இரண்டு பேருமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் நெஞ்சைச் சோதித்தார்கள், உள்ளங்கைக் காயத்துக்கு மருந்து போட்டார்கள். அவருடைய காலைப் படம் பிடித்துப் பார்த்ததில் கம்பி அசையவில்லை. மறுநாள் காலை வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலுக்குப் போகவில்லை. என் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஒன்னையக் கொன்னுருப்பேன் புள்ள."

"கொல்லலையே. ரெண்டு போடுதானே போட்டீங்க."

சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து, அத்தனையையும் பிடுங்கி எறியப் போகிறேன் என்று கராஜ் பக்கம் திரும்பினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நீங்க ஒன்னும் தொட வேணாம். முறையா செய்றவர கூப்பிடுவோம்."

தலவாக்கலையிலிருந்து ஒரு சிங்கள எலக்ட்ரீஷியன் வந்தார். சட்டைப்பையில் லைசன்ஸ் அட்டை. நிதானமான மனிதர், தமிழ் நன்றாகப் பேசுவார். நாங்கள் அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டோம். வயர் தகரத்துக்குள் நுழைந்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். தகரத்தின் விளிம்பு வயரின் மேல்தோலை அறுத்து, உள்ளே செம்பு மின்னியது. ஒவ்வொரு காற்றுக்கும் அது உரசியிருக்கிறது.

"ட்ரிப் சுவிட்ச் சும்மா விழல்ல அண்ணே. இங்க லீக் இருக்கு, வந்து பாருன்னு சொன்னது. நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்க."

என் கணவர் தலை குனிந்தபடி கேட்டார். "அப்ப நான் எதத் தொடலாம், எதத் தொடக்கூடாது மாத்தயா?"

"பல்பு மாத்துங்க. ட்ரிப் விழுந்தா ஒருதரம் தூக்கிப் பாருங்க, திரும்ப விழுந்தா என்னைக் கூப்பிடுங்க. புது லைன் இழுக்கிறது, போர்டைத் திறக்கிறது, அதெல்லாம் லைசன்ஸ் உள்ள ஆள் வேலை. சட்டம் அப்படி. உங்களுக்கு மூளை இல்லன்னு இல்ல அண்ணே. டெஸ்ட் பண்ணாம, வெறும் கண்ணால பார்த்தா எனக்கும் தெரியாது." சொல்லிவிட்டுத் தூண்களைப் பார்த்தார். "இந்தப் பலகை யார் அடிச்சது?"

"நான்தான்."

"ஹரி, சரி. நல்லா இருக்கு. இத நான் கழட்டல்ல, இது மேலேயே பைப் போடுறேன். நீங்க பிடிச்சுக்குங்க."

அன்று முழுவதும் என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து பைப்பைப் பிடித்துக்கொடுத்தார். கராஜுக்கென்று தனி லைன், பழைய வயருக்குப் பதிலாக எர்த்தும் சேர்ந்த வயர், ஈர மண்ணில் ஆழமாக இறக்கிய எர்த் கம்பி, அதிலிருந்து தகரத்துக்கும் ஒரு இணைப்பு. எல்லாம் ட்ரிப் சுவிட்சுக்குப் பிறகுதான். கடைசியில் எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து ஒவ்வொரு இடமாகச் சோதித்தார். ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்தி விழவைத்தும் காட்டினார். மாதம் ஒரு முறை இப்படி அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தூறல் போட்டது. துணிக்கூடையோடு வெளியே வந்த எனக்குக் கராஜைத் தாண்டக் கால் வரவில்லை. அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தார். செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்க்காமல், நனைந்த தகரத்தில் உள்ளங்கையை வைத்து, மழைத்தண்ணீர் விரல் வழியாக வழிய வழிய நின்றார்.

"வா புள்ள" என்றார். போய் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன். தகரம் சில்லென்று இருந்தது.

இப்போது ஸ்டாண்டு ஆட்டோக்கள் பழுதென்றால் எங்கள் கராஜுக்குத்தான் வருகின்றன. அவர் கால் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது, தூரம் ஓட்ட முடியாது. போன வாரம் அக்காவின் வீட்டுக்காரர் கோழிக்கூட்டுக்கு ஒரு பல்பு இழுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வந்தார்.

"பலக அடிச்சுத் தாறேன் மாமா" என்றார் இவர். "கரண்டுக்கு மாத்தயாவக் கூப்பிடுங்க, அவரு வரட்டும்." அப்போதே சுத்தியலை எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி அவரோடு நடந்தார்.