என் பெயரில் வந்த சக்கர நாற்காலி

நான் என் கால்களால் நடந்துதான் கப்பல் ஏறினேன். எங்கள் உறவில் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருப்பதால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

மகனும் மருமகளும் பெங்களூரில் இருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, கடலில் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பி வரும் கப்பலில் எங்கள் நால்வருக்கும் இடம் பிடித்திருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே செஞ்சிக்கு வந்துவிட்டார்கள். பெட்டிகள் ஐந்து. என் மனைவியின் முறுக்கு டின்னைச் சேர்த்தால் ஆறு. கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை என்று மகன் சொன்னதை அவள் நம்பவில்லை.

"சோறு போடுவான். சாயங்காலம் டீக்கு இன்னா குடுப்பான்?" என்றாள்.

அன்று வீட்டில் ஓய்வெடுப்பதாகத்தான் ஏற்பாடு. மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கோட்டையைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. "நாளைக்குக் கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் போறோம். வீட்டு மாடியில நின்னா தெரியற மலையைப் பார்க்கலன்னா நல்லாவா இருக்கு?" என்றாள். அது நியாயமான பேச்சு.

என் மனைவிக்கு வேறு காரணம். எங்கள் வீட்டில் யார் கடல் தாண்டினாலும் கிளம்பும் முன்பு கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறும் வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போகிறவரே ஏறிப்போய்ச் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொன்னால் செல்லாது. என் மைத்துனன் குவைத்துக்குப் போனபோது காய்ச்சலோடு ஏறினான்.

"நைனாவுக்கும் சேத்து நான் சொல்லிடறேன். அவரு கார்ல உக்காந்திருக்கட்டும்" என்றான் மகன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விஷயம் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு எதிரில், புல்வெளியில் வெளிப்பட்டது. மருமகள் அந்த அடுக்குக் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல அடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மகனுக்குக் கப்பல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"ஆமாங்க, வீல்சேர் ஒண்ணு. சீனியர் சிட்டிசன். நடக்க முடியாது" என்றான்.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவன் போனை வைக்கும் வரை காத்திருந்தேன்.

"யாருக்குடா நடக்க முடியாது?"

"அது சும்மா சொல்றது நைனா."

"யாருக்குன்னு கேட்டேன்."

அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். மருமகள்தான் உடைத்துச் சொன்னாள். "மாமா, ஏர்றதுக்கு வரிசை ரொம்ப நேரம் ஆகுமாம். வீல்சேர் இருந்தா தனி வழி. கூட வர்றவங்களையும் சேத்து விட்டுடுவாங்களாம். உங்களுக்கும் சிரமம் இல்ல."

கடைசி வாக்கியத்தை மரியாதைக்குச் சேர்த்தாள். நான் முடியாதவன் என்பது அவர்களுடைய கவலை அல்ல. நான் முடியாதவன் என்றால் மற்ற மூவருக்கும் வரிசை மிச்சம்.

நான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை எண்ணியே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பட்டம் படித்தவன்தான், ஆனாலும் அறுவடைக் காலத்தில் களத்தில் வெயிலில் நின்று எண்ணினேன். இரவெல்லாம் காத்திருக்கும் மாட்டு வண்டிக்காரரைத் தாண்டி லாரியை நுழைக்கப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கட்சிக்காரரின் தம்பி என்றார்கள், அதிகாரியின் சம்பந்தி என்றார்கள். ஒருவரையும் விட்டதில்லை. அப்படிப்பட்டவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து வரிசையைத் தாண்டப் பார்த்தார்கள், என் பிள்ளையும் மருமகளும்.

என் மனைவியின் கோபம் வேறு திசையில் போயிற்று. "முட்டி வலி எனக்குத்தான் ஜாஸ்தி. எனக்கு ஏன் போடல?"

"ஒண்ணு போதும்மா. நைனா பேர்ல போட்டா எவனும் கேள்வி கேக்கமாட்டான்."

"அப்ப என்னைப் பாத்தா கெழவியா தெரியலன்ற."

"அதாம்மா."

"சரி, விடு" என்று அவள் சமாதானமாகிவிட்டாள். நான் ஆகவில்லை.

"அம்மன் கோயில் வரைக்கும் எங்கயும் உக்காராம ஏறி இறங்கறேன். இறங்கிட்டா அந்த ஆளுக்கு போனைப் போட்டு, வேணாம்னு சொல்லு" என்றேன்.

"முடியலன்னா?"

"முடியலன்னா நீ சொல்ற நாற்காலில உக்காந்து, கழுத்தையும் ஒரு பக்கமா சாச்சிக்கிறேன்."

மருமகள் சிரித்துவிட்டாள். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பிடிவாதம் புடிக்காத நைனா. நாளைக்குக் கால் வீங்கிச்சுன்னா எல்லாருக்கும் டென்ஷன்" என்றான். அதற்குள் நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

மலையடியில் இருந்த காவலாளி குரங்கை விரட்ட எங்களிடம் ஒரு கோல் கொடுத்தார். "தின்றது ஏதாவது இருந்தா வெளிய காட்டாதீங்க" என்றார். என் மனைவி எதுவும் இல்லை என்று தலையாட்டினாள். முதல் வளைவிலேயே ஒரு குரங்கு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, உள்ளே முடிந்து வைத்திருந்த ஆறு முறுக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அவள் குரங்கைத் திட்டவில்லை, காவலாளியைத் திட்டினாள்.

நான் எதையும் எண்ணுகிறவன். அன்று குரங்குகளை எண்ணினேன், வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளை எண்ணினேன். ஒன்பது பேர். படிகளை மட்டும் எண்ணவில்லை. அதை எண்ணினால் மீதி எவ்வளவு என்ற கேள்வி வரும், கேள்வி வந்தால் கால் நின்றுவிடும். படிகளும் ஒரே உயரமாக இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒன்று, அடுத்தது தேய்ந்து சாய்ந்து கிடக்கும்.

எதிரில் இறங்கி வந்த ஒருவர், "ஐயா, கையைக் குடுங்க" என்று நீட்டினார்.

"இறங்கறப்பதான் வழுக்கும். உங்க கை உங்களுக்கு வேணும்" என்றேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று யார் கை நீட்டினாலும் எனக்கு அது நாற்காலியின் கைப்பிடியாகத் தெரிந்தது.

மனைவி நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் நாளைக்குக் கப்பலில் போகும் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "உக்காராம ஏர்றது அவரோட வீம்பு, எனக்கின்னா?" என்பது என் காதில் விழுந்தது. மருமகள் அவளோடு இருந்தாள். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மகனைக் கொஞ்ச தூரத்தில் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு, எதிரில் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியைப் படம் எடுப்பதுபோல நின்றான். போன் அவன் சட்டைப் பையில் இருந்தது.

கோயில் பூட்டியிருந்தது. கம்பி வழியாகத்தான் சொன்னோம். முதலில் நான் போய் நின்றேன், பிறகு மனைவியும் மருமகளும் வந்தார்கள், கடைசியாக வந்த மகன் பாறையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"உக்காந்தது யாருன்னு அம்மனே பாத்துக்கட்டும்" என்றேன்.

"நீ ஜெயிச்சிட்ட நைனா. தண்ணி குடு."

மனைவி கற்பூரத்தை ஏற்றிக் கைகூப்பினாள். "ஆத்தா, நாங்க நாலு பேரும் கடலுக்குப் போறோம். நாலு பேரும் திரும்பி வரணும். இந்த மனுசன் கப்பல்லயாவது சண்டை போடாம வரணும்." நாலு என்று இரண்டு முறை சொன்னதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

இறங்குவதுதான் கொடுமை. இடது முட்டி தனியாக நடுங்கியது. பாறையைத் தடவிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க முடிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

மகன் சொன்னபடி கீழே வந்ததும் போன் போட்டான். பதிவு செய்ததை இனி மாற்ற முடியாதாம். நாற்காலி வரும், வேண்டாமென்றால் உட்காராமல் இருக்கலாமாம். அது போதும் என்றேன். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி பலாக்கொட்டை வைத்து மூடியதுபோல வீங்கிவிட்டது. வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் துறைமுகத்தில் வரிசை நீண்டு கிடந்தது. ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பெயரைக் கூவிக்கொண்டே வந்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் பேர்ல நடக்க முடியாதவங்க யாரும் இல்ல" என்றேன்.

அவர் திகைத்து நின்றார். என் மனைவி முன்னால் போனாள். "பேரு என் வீட்டுக்காரரோடது, வலி என்னோடது. வண்டியை இப்படித் திருப்புப்பா" என்று சொல்லி உட்கார்ந்து, முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். உற்சவ அம்மன் புறப்பாடு போல இருந்தது. மருமகள் எடுத்த படத்தில் நாற்காலியில் தொங்கும் அட்டையில் என் பெயர் பெரிதாகத் தெரிகிறது. உறவினர்களின் கதையெல்லாம் அந்த அட்டையிலிருந்து புறப்பட்டதுதான்.

"கூட ஒருத்தர்தான் வரலாம்" என்றார் தள்ளுகிறவர். மருமகள் போனாள். பெட்டிகளோடு நானும் மகனும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் அறுபத்தெட்டுப் பேர்.

"வலிக்குதா நைனா?"

"உனக்கு?"

"தொடை ரெண்டும் போச்சு."

"எனக்கு ஒரு முட்டிதான்."

வரிசை நகர்ந்தது. நாற்பத்தோரு பேர் இருக்கும்போது கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் குடும்பத்தோடு எங்களுக்கு முன்னால் பெட்டியை நுழைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான்.

"சார், வரிசை அங்க பின்னால இருந்து."

அவர் முறைத்தார். மகனும் முறைத்தான். பெட்டி பின்னால் போயிற்று.

கப்பலுக்கு ஏறும் சாய்வுப் பாதையில் சீருடை போட்ட பெண் ஒருத்தி கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். ஓரத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன், மறைக்கவில்லை. அந்தக் கம்பி எல்லோருக்கும் போட்டது.