ஷலபி வாய்க்குள் வாங்க மறுத்த மாத்திரை

எகிப்தில் தந்தா நகருக்கும் மஹல்லாவுக்கும் இடையே உஸ்தா ஷலபி மைக்ரோபஸ் ஓட்டத் தொடங்கி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. டிரைவர்களை இங்கே மரியாதையாக உஸ்தா என்போம்; இவருக்கு வயது ஐம்பத்தேழு. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள்கள் முன்னால் வளைந்துவிட்டன. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதாக ஒரு பெருமூச்சு வரும்.

எங்கள் மருந்துக்கடையில் காலையில் நான், சாயங்காலம் முதலாளி ரிஃபாத். இரண்டு பேரையுமே ஜனங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஷலபிக்கு நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை அவர் மனைவி இன்சாஃப் காலையில் என்னிடம் வாங்கிப்போவாள். ஆண்மைக்கான நீல மாத்திரையை எந்த ஆணும் ஒரு பெண்ணிடம் கேட்கமாட்டான். மறுநாள் வெள்ளி விடுமுறை என்பதால் வியாழக்கிழமை சாயங்காலங்களில் ரிஃபாத் அதன் அட்டையைக் கத்தரித்து ஒவ்வொன்றாக விற்பார். எச்சரிக்கைத் தாள் பெட்டியிலேயே கிடக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். வாசித்து யாருக்குச் சொன்னேன்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஷலபியே வந்தார்.

"தலை வெடிக்குது டாக்டரம்மா. மூக்கு அடைச்சிருக்கு. மூஞ்சியெல்லாம் அடுப்புல காட்டின மாதிரி எரியுது."

"ஜலதோஷமா?"

"என்ன எழவோ. நேத்து ராத்திரி வெள்ளைச் சுவரெல்லாம் நீலமா தெரிஞ்சுது. கண்ணும் போச்சுன்னா நான் எப்படி வண்டி ஓட்டறது?"

எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பாவைவிட மூத்தவர். நேராக இருந்த ஷாம்பு புட்டிகளை மறுபடி நேராக்கினேன். பிறகு கேட்டேவிட்டேன். "நீல மாத்திரை போட்டீங்களா?"

வாசலைப் பார்த்தார். "அது மச்சானுக்கு வாங்கினது."

"மச்சானுக்கு வாங்கினா உங்க மூஞ்சி ஏன் சிவக்குது?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, பெருமூச்சும் வந்தது. "வண்டிய நிறுத்திட்டு வந்தா கட்டை மாதிரி விழறேன்மா. அவ ஒண்ணும் கேக்கல. கேக்காததுதான் கஷ்டமா இருக்கு."

"இனிமே அதைத் தொடாதீங்க. அதைப் போட்ட உடம்புல நெஞ்சுவலி மாத்திரையும் சேர்ந்தா ரத்த அழுத்தம் ஒரேயடியா இறங்கி உயிரே போயிரும். இன்னிக்கு வலி வந்தா அதை வாயில வைக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய், நீல மாத்திரை போட்டதைச் சொல்லுங்க."

"இதை எப்படிம்மா வெளிய சொல்றது?"

"என்கிட்ட சொன்ன மாதிரிதான்."

அன்றைக்கே வலி வந்தது. தொழுகை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு இன்சாஃபின் தம்பிகள் வந்திருந்தார்கள். பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். ஷலபி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, அவள் மாத்திரையோடு ஓடிவந்து, "வாயைத் திற!" என்றிருக்கிறாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இப்பவும் பிடிவாதமா? செத்துத் தொலையப் போறீங்களா அத்தான்?" என்று பெரிய தம்பி மஹ்ரூஸ் தாடையைப் பிடித்தான்.

அவன் கையைத் தட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அது வேணாம். நேத்து நீல மாத்திரை போட்டிருக்கேன்."

சின்னத் தம்பி முலுக்கியாக் கீரைக் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தானாம். இன்சாஃப் முக்காட்டை இழுத்துப் போட்டாள். "என்னடா பாக்குறீங்க? தூக்குங்க. வண்டிய எடுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அவரே சொன்னார். ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் ஆண்கள் தயங்கி நின்றால், நானே இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறேன். பாதிப் பேர் பல்பசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கேட்பது சரியா, விரட்டுகிறேனா, தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஷலபி வந்தார். விஷயம் வண்டி ஸ்டாண்டு வரை பரவி, இப்போது அங்கே அவருக்கு 'புது மாப்பிள்ளை' என்று பெயராம்.

"கூப்பிடட்டும். சண்டை போட எனக்குத் தெம்பில்ல."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"'இத்தனை வருஷமா எனக்கும் தூக்கந்தான்யா வந்துது, சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னு பேசாம இருந்தேன்'னு சொல்றா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? யோசிக்கறதுக்குள்ள தூங்கிட்டேன்."