பல்பு போடாத ஸ்டார்

எங்கள் பக்கத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஒரு வீட்டின் நிலவரம் தெரிய உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கினால் எல்லாரும் சௌக்கியம். தொங்காவிட்டால், அந்த வருஷம் அங்கே ஒரு சாவு விழுந்திருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் வாசல் மொட்டையாக இருந்தது.

செய்யூருக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பைத் தாண்டி, மூன்றே தெரு கொண்ட ஊர் எங்களுடையது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அணுபுரம் குவார்ட்டர்ஸில் எலக்ட்ரீஷியன். எங்களோடுதான் இருந்தார். அந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன், வேலை முடிந்து பைக்கில் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. அதன்பின் சித்தி முன்வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். வயரும் ஹோல்டரும் டேப்பும் கிடந்த அவருடைய வேலைப் பையைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பெருக்கும்போதுகூட அம்மா அதை நகர்த்த மாட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுடக் கூடாது. அதனால் ஊரே எங்களுக்காகச் சுட்டது. பண்டிகைக்கு வெகு முன்பே எதிர் வீட்டு அத்தை அச்சு முறுக்கோடு வந்துவிட்டாள். பின் தெருவிலிருந்து கலகலா வந்தது. “குயந்த ஏங்கிப் பூடும் இல்ல” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். தின்னும்வரை எனக்கு ஆசை, தின்று முடித்ததும் அவமானம். மற்ற வருஷங்களில் வந்த தட்டில் எங்கள் வீட்டுப் பலகாரத்தை வைத்துத்தான் திருப்பி அனுப்புவோம். இந்த முறை கழுவிய வெறுந்தட்டு. அதைத் தெருவில் எல்லாரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு போகும் வேலை எனக்கு.

வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸ் அதைவிட மோசம். சர்ச்சிலிருந்து எந்தத் தெருவுக்குப் போவதானாலும் எங்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். பாடிக்கொண்டே வருபவர்கள் எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னாலேயே டிரம்மை நிறுத்திவிடுவார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். எங்களைத் தாண்டியதும் மறுபடியும் டிரம். அது மரியாதை என்றாள் அம்மா. ஊர் எங்களைத் தள்ளி வைத்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. போதாக்குறைக்கு, என்னோடு டியூஷன் படித்த ஒருத்தி எல்லார் முன்னாலும் சொன்னாள்: “இவங்க வூட்டுக்கு மட்டும் கிறிஸ்மஸ் தாத்தா வரமாட்டாரு.”

மறுநாள் சாயங்காலம் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துப் பரண்மேல் ஏறினேன். குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டார் சித்தப்பாவுக்குக் கொடுத்த சிவப்புக் காகித ஸ்டார் மடித்த வாக்கில் அங்கே கிடந்தது. நாற்காலி போட்டு, வாசல் கொக்கியில் கட்டினேன். பல்பு போடவில்லை. வயர் சித்தியின் கட்டிலடியில் இருந்தது. அந்தப் பக்கம் போக எனக்கு ஏது தைரியம்? டியூஷன் பிள்ளைகள் கடந்து போகும்வரை தொங்கினால் போதும் என்பதுதான் என் திட்டம். அவர்கள் கடந்து போகவும் அம்மா தெருமுனையில் தெரியவும் சரியாக இருந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். அம்மா பின்பக்கமாக அடுக்களைக்கு வந்தாள். காலையில் அவிழ்த்துவிடலாம், இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

தெருவில் டிரம் சத்தம் வந்தது. நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. எங்கள் வாசலுக்கே வந்து அதிர்ந்தது.

அம்மா ஈரக் கையோடு ஓடினாள். பின்னால் போன நான் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன். ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பல்போடு, வாசல் முழுக்கச் சிவப்பாக.

“இன்னாபா இது?” என்றாள் அம்மா. அவள் குரலே மாறியிருந்தது.

டிரம் அடித்தவன் கையை எடுத்துவிட்டான். “ஸ்டாரு எரிஞ்சிகினு கீதே, வரச் சொல்றீங்கன்னு நெனச்சிகினோம்கா.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். வேறு யாரைப் பார்ப்பாள்? பரண் தூசி இன்னும் என் பாவாடையில் இருந்தது. தொடையில் அழுத்தி ஒரு கிள்ளு. “கரண்டு வயர்ல கை வைக்கிற அளவுக்கு ஆய்ட்டியா நீ?” நான் கட்டியது மட்டும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? என் கள்ளத்தனத்தை ஊருக்குக் காட்டிக்கொடுக்க ஆண்டவரே விளக்குப் போட்டுவிட்டார் என்று நான் மனதார நம்பினேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் தாத்தாவைப் பார்த்தேன். போன வருஷம்வரை எங்கள் ஊருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா என் சித்தப்பாதான். சித்தி தைத்த அந்தச் சிவப்பு அங்கி அவருடைய உடம்புக்குத் தைத்தது. இப்போது அதற்குள் ஒல்லியாக ஒரு கல்லூரிப் பையன். கை விரல்கள் வெளியே தெரியவில்லை. தொப்பைக்கு வைத்த தலையணை நழுவித் தொடைக்கு வந்திருந்தது. முகமூடி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னாலிருந்து சித்தி வந்தாள். என்னைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, வாசற்படி இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

“பெல்ட்ட இப்டியா கட்டுவ?” என்றாள். “அவுரு ரெண்டு சுத்து சுத்துவாரு. கையத் தூக்கு.”

அவன் தூக்கினான். சித்தி தலையணையை மேலே ஏற்றி, பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். அங்கியின் கையை மடித்துவிட்டாள். மடித்த இடத்திலேயே அவள் விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன.

“ஏன் கம்முனு நிக்கறீங்க? பாடுங்க.”

பாடினார்கள். டிரம் பயந்து பயந்துதான் ஆரம்பித்தது. தாத்தா முதலில் கையை மட்டும் ஆட்டினான், பிறகு சித்தி பார்க்கிறாள் என்று காலையும் தூக்கி ஆடினான். முடிந்ததும் பையிலிருந்து மிட்டாய் எடுத்து என்னிடம் நீட்டினான். வெட்கத்தில் நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். சித்திதான் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவு அப்பா வந்ததும் என் வழக்கு அவரிடம் போனது. “சின்னப் புள்ள, வுடுங்க மாமா” என்றாள் சித்தி. அந்தப் பரிவு எனக்குக் கிள்ளியதைவிட அதிகமாக வலித்தது.

விடிந்ததும் ஸ்டாரை நானே அவிழ்த்தேன். ஹோல்டர், வயர், சித்தப்பா எப்போதும் சுற்றும் நீல டேப், எல்லாம் இருந்தன. அவை எந்தப் பையிலிருந்து வந்திருக்கும், அந்தப் பையைத் தொடக்கூடியவர் எங்கள் வீட்டில் யார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வயரைச் சுருட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். சித்தி வந்து வாங்கி, முழங்கையில் போட்டுச் சித்தப்பாவைப் போலவே சுற்றினாள். சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்கும் கட்டுறியாடி?”

குத்திக்காட்டுகிறாள் என்றே நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இல்ல சித்தி. சத்தியமா இனிமே கட்டவே மாட்டேன்.”

சித்தி என்னையே பார்த்தாள். “சரி” என்றாள். உள்ளே போய் வயரைப் பைக்குள் வைத்து, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.