பஸ்ஸம்மாவின் இடது கால்

"ஓரம், ஓரம்! வண்டி வருது!"

அழுக்குத் துணி வண்டியைப் பின்னோக்கி இழுத்து வந்து, லிஃப்ட் வாசலில் ஒரே மூச்சில் திருப்பி, சுவரை உரசாமல் ஒட்டி நிறுத்துகிறார். நிறுத்திய கையோடு, இல்லாத கண்ணாடி ஒன்றை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார். அப்புறம்தான் முந்தானையால் முகம் துடைப்பது எல்லாம்.

அந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்கமாட்டார். பஸ்ஸம்மா என்றால் காவலாளிகூட வழி காட்டுவார். வார்டு வார்டாகப் படுக்கை விரிப்புகளை அள்ளிக் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் சேர்ப்பது வேலை. பஸ் ஓட்டுவது ஆசை. சிறுமியாக இருந்தபோது டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்து, இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, வீட்டில் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. "அவரு அங்க கியர் மாத்துவாரு, எனக்கு இங்க மாறும்" என்று இடது மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார்.

"கட்டிக்கப் போறவன்கிட்டப் போய்க் கேளு" என்று கைகழுவினார் அப்பா. கட்டிக்கொண்டவரோ, கேட்டதும் தலையாட்டிவிட்டார். உயரமான கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர். உயரத்தைக் கண்டே பயப்படாத மனுஷன், பெண்டாட்டி பஸ் ஓட்டுவதற்கா பயப்படுவார்? ஆனால் அவர் சாரத்திலிருந்து விழுந்தது, மனைவி முதன்முதலாக லைசென்ஸ் தேர்வுக்குக் கிளம்பிய அதே காலையில். ஒரு கால் போயிற்று. அவர் படுத்துக் கிடந்த ஆஸ்பத்திரியிலேயே பஸ்ஸம்மா வேலைக்குச் சேர்ந்தார்.

"விழறதுக்கு வேற நாளே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று இன்றைக்கும் கேட்பார்.

"நாள் பாத்து விழ மறந்துட்டேன் போ" என்பார் கணவர்.

இருவரும் சிரிப்பார்கள். 

பிள்ளைகள் தலையெடுத்தார்கள். கண்ணில் புரை வந்து, அறுத்து எடுத்து, அதுவும் ஆறியது. பிறகு ஒரு நாள் பரணிலிருந்து ஆசையை மறுபடி இறக்கினார். விடுமுறை நாட்களில் பயிற்சிப் பள்ளியின் கிழட்டு பஸ். மற்ற நாட்களில், வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட இரண்டு நாற்காலிகள். முன்னால் அவர், கையில் பெரிய பாத்திரத்தின் மூடி. அதுதான் ஸ்டியரிங். பின்னால் கணவர், ஒரே பயணி. "ஏம்மா டிரைவரு, பிரேக்கை மெதுவாப் போடக் கூடாதா? எனக்கு இருக்கறதே ஒத்தக் காலு!" மூடி இப்படிப் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டதால், அந்தப் பாத்திரத்தை வருஷக்கணக்காக ஒரு தட்டுதான் மூடிக்கொண்டிருந்தது.

தேர்வில் இரண்டு தடவை தோற்றார். இரண்டு தடவையும் ஒரே இடம், ஒரே தப்பு. மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். துணி வண்டி ஆஸ்பத்திரிச் சரிவில் உருளப் பார்த்தால், இடது காலைப் பக்கவாட்டில் நீட்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பது அவர் வழக்கம். மேட்டில் பஸ் லேசாக அசைந்ததும், அந்தப் பாழாய்ப்போன கால் கிளட்சை விட்டுவிட்டுச் சக்கரத்தைத் தேடிப் போய்விட்டது. பஸ் ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது.

"மூளைக்குத் தெரியுதுங்க. காலுக்கு யாரு போய்ச் சொல்றது?"

பஸ் வேலைக்கான வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இனி ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. அதில் தவறினால் ஆயுசுக்கும் துணி வண்டிதான். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. இத்தனை வருஷ வேலைப் பழக்கத்தையே மாற்றக் கிளம்பினார். சரிவில் இனி வலது கால்தான் முட்டு. இடது கால் தரையை விட்டு அசையக்கூடாது. முதல் வாரம் வண்டி தறிகெட்டுப் போய்க் கதவில் இடித்தது. விரிப்புகள் படியெங்கும் சரிந்தன. "நல்லா இருந்த கையும் காலும் உனக்குக் கசக்குதா?" என்று மேற்பார்வையாளர் கத்தினார். பஸ்ஸம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டே, "எடது காலு லீவு போட்டிருக்குங்க" என்றார். மழைக்காலம் முடிவதற்குள் கால்கள் வழிக்கு வந்தன.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது தேர்வு. கணவர் காலையிலிருந்து பின் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியானம் கதவு திறந்தது.

"என்னாச்சு?"

 பஸ்ஸம்மா செருப்பைக் கழற்றினார். முன் நாற்காலியில் கிடந்த மூடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. கணவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். மூடியைத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் ஈரம் துடைத்து, பாத்திரத்தின் மேலிருந்த தட்டை எடுத்து வைத்துவிட்டு, மூடியை அதன் வாயில் பொருத்தி ஒரு தட்டுத் தட்டி, "மேட்டுல எடது காலு கிளட்சை விட்டு அசையலங்க, இனி நெஜ ஸ்டியரிங்தான்" என்றார்.